வேப்புக்கு மாறியபின் மறுபடி சிகரெட்: ஏழு வாரம் வீணா, எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான். வயது 41, லண்டனில் வேலை, 19 வருடமாக நாளொன்றுக்கு 15 முதல் 18 சிகரெட். வேப்புக்கு, அதாவது நிகோடின் கலந்த திரவத்தை (லிக்விட்) சூடாக்கி ஆவியாக இழுக்கும் இ-சிகரெட்டுக்கு, மாறி ஏழு வாரம் ஒரு சிகரெட்கூடத் தொடவில்லை. நான்காவது வாரத்தில், நன்றாகத்தானே போகிறது என்று லிக்விட்டின் நிகோடினை மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமிலிருந்து 6க்கு இறக்கினீர்கள். அதற்குப் பிறகு எரிச்சல் கூடியது, வேலையில் கவனம் நிற்கவில்லை. எட்டாவது வாரம் ஒரு பிறந்தநாள் விருந்து, இரண்டு பியர், நண்பர் நீட்டிய ஒரு சிகரெட். மறுநாள் மூன்று. இன்றோடு பத்து நாள்; வேப்பும் ஓடுகிறது, சிகரெட்டும் ஐந்தாறு ஓடுகிறது. போதாக்குறைக்கு வேப்பில் கருகல் வாடை. ‘இது எனக்கு ஒத்துவரவில்லை போல. பேசாமல் பழையபடி புகைத்துவிட்டு, ஜனவரியில் சென்னை போய்வந்த பிறகு எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?’ என்று கேட்கிறீர்கள். எனக்குக் கேட்கிற கேள்வி வேறு: அந்த ஏழு வாரமும் வீண்தானா, இனி எங்கிருந்து தொடங்குவது?

வீண் இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. புகைப்பதை நிறுத்த உதவுகிறவர்களுக்கான பயிற்சியில் தொடக்கத்திலேயே சொல்லித்தருவது, சறுக்கலும் முழுதாகத் திரும்பிப் போவதும் ஒன்றல்ல என்பதைத்தான். ஒரு சிகரெட் பிடித்துவிட்டு நிறுத்திக்கொண்டால் அது சறுக்கல். பழைய எண்ணிக்கைக்கே போய்ச் சேர்ந்தால் அது திரும்புதல். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். இந்த நடு இடத்தில் ஆளை இழுத்துப்போவது பெரும்பாலும் நிகோடின் மட்டும் அல்ல. ‘முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு’ என்கிற நினைப்பு. வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஆலன் மார்லட் பல ஆண்டுகள் ஆராய்ந்து விளக்கியது இதைத்தான்: முதல் சிகரெட்டைவிட, அதைத் தொட்டவுடன் ‘நான் தோற்றுவிட்டேன், எனக்கு மன உறுதி கிடையாது’ என்று ஒருவர் தனக்குத்தானே கொடுக்கும் தீர்ப்புதான் இரண்டாவது, மூன்றாவது சிகரெட்டைப் பற்றவைக்கிறது. ஜனவரி வரை புகைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்ற உங்கள் யோசனையும் அந்தத் தீர்ப்பின் நீட்சிதான். பத்து நாள் பழகியதை இப்போது திருப்புவது, இன்னும் இரண்டு மாதம் வேரூன்றவிட்டுத் திருப்புவதைவிட எளிது.

இப்போது ஏன் நடந்தது என்று பார்ப்போம். உங்கள் மன உறுதியை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கை எடுங்கள். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் சேரும் நிகோடின் ஏறத்தாழ 1 முதல் 1.5 மில்லிகிராம். 16 சிகரெட் என்றால் நாளுக்கு 16 முதல் 24 மில்லிகிராம். முதல் நான்கு வாரத்தில் 10 மில்லிலிட்டர் புட்டி உங்களுக்கு ஒரு வாரம் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதாவது நாளுக்குச் சுமார் 1.4 மில்லிலிட்டர், மில்லிலிட்டருக்கு 20 என்றால் நாளுக்கு 28 மில்லிகிராம் நிகோடின் கருவியின் வழியே போயிருக்கிறது. அதில் ஒரு பகுதி ஆவியோடு வெளியே போய்விடும், எல்லாமே இரத்தத்தில் சேராது. இருந்தாலும் பழைய அளவுக்குப் பக்கத்திலேயே இருந்தீர்கள். 6க்கு இறங்கிய பிறகு புட்டி ஐந்து நாளில் தீர்கிறது என்கிறீர்கள். உடம்பு ஈடுகட்டப் பார்த்திருக்கிறது, அதிகம் இழுத்திருக்கிறீர்கள். ஆனாலும் 2 மில்லிலிட்டர், 6 மில்லிகிராம், ஆக 12 தான். ஒரே நாளில் பாதிக்கும் கீழே. அந்த மூன்று வார எரிச்சலும் கவனச் சிதறலும் உங்கள் குணம் அல்ல, நிகோடின் பற்றாக்குறை. அந்த நிலையில் விருந்துக்குப் போனது, நாள் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு மிட்டாய்க் கடைக்குப் போனது போல.

கருகல் வாடைகூட இந்தக் கதையின் ஒரு துண்டுதான். வேப்புக்குள் லிக்விட்டைச் சூடாக்கும் கம்பிச்சுருள் பாகத்தைக் ‘காயில்’ (coil) என்பார்கள். அதற்குள் பஞ்சு இருக்கிறது. அது லிக்விட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நீங்கள் இழுக்கும்போது கம்பி சூடாகி அதை ஆவியாக்கும். ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே பஞ்சு மறுபடி ஊற 20, 30 விநாடியாவது வேண்டும். நிகோடின் குறைவாக இருந்தால் மனம் நிறைவதில்லை, விடாமல் இழுப்போம், பஞ்சு காயும், காய்ந்த பஞ்சு தீயும். ஒருமுறை தீய்ந்த காயில் பிழைக்காது. கழுவுவதெல்லாம் வீண் வேலை, மாற்ற வேண்டியதுதான். அதை வைத்துக்கொண்டே இழுத்தால் சுவை கெடுவது மட்டும் அல்ல, அளவுக்கு மீறிச் சூடான லிக்விட்டிலிருந்து ஃபார்மால்டிஹைடு போன்ற எரிச்சலூட்டும் பொருட்களும் கூடுதலாக உண்டாகும். கருகல் சுவை என்றால் நிறுத்து என்று பொருள். புதிய காயில் போட்டால் லிக்விட் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் தொடாமல் வையுங்கள். முதல் நாலைந்து இழுப்பை மெதுவாக எடுங்கள். தொட்டியில் கால் பங்குக்குக் கீழே போகவிடாதீர்கள். பாட் எனப்படும் சிறிய கருவிகளுக்கு, லிக்விட்டின் அடிப்படைத் திரவங்களான பி.ஜி.யும் (புரொப்பிலீன் கிளைகோல்) வி.ஜி.யும் (தாவரக் கிளிசரின்) பாதிப் பாதி கலந்த லிக்விட்தான் பொருந்தும். 70 சதவீதம் வி.ஜி. உள்ள கெட்டியான லிக்விட் அந்தக் குறுகிய துளைகளில் இறங்காது, அதுவும் கருகலில்தான் முடியும். கேக், கஸ்டர்ட் வகை இனிப்புச் சுவைகளில் சேர்க்கும் இனிப்பூட்டி காயில்மேல் கறுப்பாகப் படியும். ஒன்றிரண்டு வாரம் வரவேண்டிய காயில் நாலு நாளில் போய்விடும். புதினா, பழச் சுவை, புகையிலைச் சுவை இவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

ஆகவே முதல் திருத்தம்: நிகோடினை 20க்கே திருப்புங்கள். பிரிட்டனில் சட்டப்படி விற்கக்கூடிய உச்சமும் அதுதான். மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம், 2 மில்லிலிட்டருக்கு மேற்படாத தொட்டி, 10 மில்லிலிட்டருக்கு மேற்படாத புட்டி என்பது 2016 முதல் அங்குள்ள விதி. வாய்க்குள் இழுத்து வைத்துப் பிறகு நெஞ்சுக்குள் விடும் வகைக் கருவி உங்களிடம் இருப்பதால், 0.8 முதல் 1.2 ஓம் வரை மின்தடை உள்ள காயிலை, அதிலேயே அச்சிட்டிருக்கும் வாட் வரம்புக்குள், நிக் சால்ட் (நிகோடின் உப்பு) லிக்விட்டோடு பயன்படுத்துங்கள். நிக் சால்ட்டில் அமிலம் சேர்த்திருப்பதால் 20 மில்லிகிராமிலும் தொண்டையில் உறைக்காது. சிலருக்கு அந்த உறைப்புதான் சிகரெட்டை நினைவுபடுத்தும், அது இல்லாவிட்டால் சப்பென்றிருக்கும். அவர்கள் ஃப்ரீபேஸ் என்று எழுதியிருக்கும் சாதாரண வகையில் 12 முதல் 18 எடுத்துப் பார்க்கலாம். கடைக்காரர் பெரிய மேகம் விடும் கருவியைக் காட்டி 3 மில்லிகிராம் லிக்விட் கொடுத்தால் வாங்காதீர்கள். அது வேறு விதமான பயன்பாடு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் தடையானபோது, அவற்றில் 20 மில்லிகிராமுக்குப் பழகியிருந்தவர்களும் மறுநிரப்புக் கருவிக்கு மாற வேண்டியதாயிற்று. அந்த மாற்றத்தில் தெரியாமலே நிகோடின் குறைந்து சிகரெட்டுக்குத் திரும்புவது எளிதாக நடக்கக்கூடியது.

நிகோடினைக் கூட்டச் சொல்கிறாரே என்று நெருடும், புரிகிறது. நிகோடின் அடிமையாக்கும், இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கொஞ்ச நேரத்துக்கு உயர்த்தும். தீங்கே அற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் புற்றுநோயையும் நுரையீரல் அடைப்பு நோயையும் கொண்டுவருவது புகையிலை எரியும்போது பிறக்கும் தாரும் வாயுக்களும். லண்டனில் பணியாற்றிய மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் 1976லேயே இதைச் சொன்னார்: மக்கள் புகைப்பது நிகோடினுக்காக, சாவது தாரினால். உங்கள் அவசர வேலை எரியும் புகையிலையிலிருந்து வெளியே வருவது. நிகோடினிலிருந்து வெளியே வருவது இரண்டாவது வேலை, அதற்கு அவசரம் இல்லை. இரண்டையும் ஒரே மாதத்தில் செய்யப்போனதுதான் சறுக்கியது. நிகோடின் மிகுந்துவிட்டால் உடம்பே சொல்லும்: குமட்டல், விக்கல், தலைசுற்றல், தலைவலி, படபடப்பு. அப்படி வந்தால் கருவியைக் கீழே வைத்துவிடுங்கள், அடங்கிவிடும். இரத்தத்தில் உள்ள நிகோடின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

இழுக்கும் விதத்தையும் மாற்ற வேண்டும். சிகரெட்டில் விறுவிறுவென்று இழுப்போம், ஐந்து நிமிடத்தில் பத்துப் பதினைந்து இழுப்பு, நிகோடின் சில விநாடிகளில் மூளையை எட்டும். வேப்பில் அதே வேகத்தில் இழுத்தால் காயில் காயும், நிகோடினும் அவ்வளவு வேகமாக ஏறாது. மூன்று நான்கு விநாடி நிதானமாக, உறிஞ்சுகுழலில் இளநீர் குடிப்பதுபோல் இழுங்கள். அரை நிமிடம் விடுங்கள். பழைய சிகரெட் இடைவேளைக்குக் காத்திருக்காமல் அவ்வப்போது நாலைந்து இழுப்பு எடுங்கள். வேட்கை தலைக்கேறிய பிறகு வேப்பை எடுத்தால் அது எப்போதும் தோற்கும். ஏறுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். முக்கியமாகக் காலையில். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிக்கிறவர் என்றால் நிகோடின் பிடிப்பு வலுவானது என்று கொள்ளலாம். தூங்கின எட்டு மணி நேரத்தில் இருப்பு எல்லாம் தீர்ந்திருக்கும். பல் துலக்கும் முன்பே வேப், அதுவும் பத்து நிமிடம் நிதானமாக.

காலை நேரம்தான் உங்களுக்கும் கஷ்டம் என்றால் நிகோடின் பேட்ச்சைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளுக்குப் பத்துக்கு மேல் புகைத்தவர்களுக்கு 21 மில்லிகிராம், 24 மணி நேர பேட்ச். தினமும் ஒரே நேரத்தில், முடியில்லாத உலர்ந்த தோலில், நேற்று ஒட்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில். அடியில் பேட்ச் சீராக ஓட, மேலே தேவைக்கு வேப். இரண்டையும் சேர்க்கலாமா என்று பலர் பயப்படுகிறார்கள். நியூசிலாந்தில் 1,124 பேரிடம் செய்த ஆய்வில், பேட்ச் மட்டும் பயன்படுத்தியவர்களில் ஆறு மாத முடிவில் புகைக்காமல் இருந்தவர்கள் 2 சதவீதம், பேட்ச்சும் நிகோடின் வேப்பும் சேர்த்தவர்களில் 7 சதவீதம். இரண்டும் சிறிய எண்கள்தான், மறைக்கவில்லை. ஆனால் சேர்த்தவர்கள் மேல். இரவில் விசித்திரக் கனவுகள் வந்தால் படுக்கும்முன் பேட்ச்சைக் கழற்றிவிடுங்கள், அவ்வளவுதான்.

இனி, அந்த ஐந்தாறு சிகரெட். ‘18 பிடித்தவன் 6க்கு வந்திருக்கிறேனே’ என்று நினைப்பது இயல்பு. நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை குறைவு குறைவுதான். இதயம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. 2018ல் வெளியான, 141 தொடர் ஆய்வுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் பாதிக்கு அருகே இருக்கிறது என்று காட்டியது. இருபதில் ஒரு பங்கு அல்ல, பாதி. 41 வயதில் இது கவனிக்க வேண்டிய எண். தவிர, எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொரு சிகரெட்டையும் ஆழமாக, கடைசி வரை இழுப்பது மனித இயல்பு. மூன்றாவது காரணம் இன்னும் நடைமுறையானது: இடையிடையே கிடைக்கும் அந்த வேகமான நிகோடின், மூளைக்குப் பழைய பாடத்தைத் தினமும் புதுப்பித்துக் கொடுக்கிறது. சிகரெட் நடுவில் இருக்கும்வரை வேப் சப்பென்றுதான் இருக்கும். அதனால் ஆறிலிருந்து ஐந்து, நான்கு என்று படியிறங்க வேண்டாம். மூன்று நாளுக்குள் ஒரு தேதி வைத்துப் பூஜ்யத்துக்குப் போங்கள். அதுவரை இழுப்பதற்குப் பதில் அந்த மூன்று நாளைச் சாமான் சேர்க்கச் செலவிடுங்கள்: 20 மில்லிகிராம் லிக்விட் இரண்டு புட்டி, மாற்றுக் காயில் மூன்று நான்கு, ஒரு பெட்டி பேட்ச், முடிந்தால் மலிவான இரண்டாவது கருவி ஒன்று. மாலை ஆறு மணிக்கு பேட்டரி தீர்ந்து, எதிரில் கடை திறந்திருந்தது என்பது மட்டுமே காரணமாகச் சிகரெட்டுக்குத் திரும்பியவர்கள் ஏராளம். முதல் நாள் இரவே மீதிச் சிகரெட்டைத் தண்ணீரில் நனைத்து எறியுங்கள். லைட்டர், ஆஷ்ட்ரே, கார் கதவுப் பையில் கிடக்கும் பழைய பெட்டி எல்லாம் போகட்டும். ‘அவசரத்துக்கு ஒன்று’ என்று வைத்திருப்பது அவசரத்தைத் தானே உண்டாக்கும்.

முதல் மூன்று நாள் கடினம். வேட்கை அலை ஒன்று மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் உச்சம் தொட்டு இறங்கும், பிறகு வேறொன்று வரும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் இடைவெளி கூடும். நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை கடந்த பாதை இது. இதில் யாரும் எதிர்பாராத ஒன்று காபி. சிகரெட் புகையில் உள்ள ரசாயனங்கள் கல்லீரலின் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன, அந்த நொதிதான் கஃபீனையும் வெளியேற்றுகிறது. புகை நின்றதும் நொதியின் வேகம் குறையும், அதே அளவு காபி இரத்தத்தில் ஏறக்குறைய இரு மடங்கு கஃபீனாக நிற்கும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை என்று வந்து, அதை நிகோடின் ஏக்கம் என்று தவறாக எடுத்துக்கொண்டு சிகரெட்டைத் தேடுவோம். நாளுக்கு ஐந்து காபி என்கிறீர்கள். நிறுத்தும் நாள் முதல் இரண்டரையாக்குங்கள். இதே நொதி வழியே வெளியேறும் மருந்துகளும் உண்டு. குளோசபின், ஒலான்சபின், தியோஃபிலின் எடுக்கும் யாராவது இதைப் படித்தால், புகையை நிறுத்தும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அளவை மாற்ற வேண்டியிருக்கும். வேப் இந்த நொதியை முடுக்காது, ஆகவே வேப்புக்கு மாறினாலும் இது பொருந்தும். நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது. மற்றபடி வாய் வறட்சி சாதாரணம், பி.ஜி. ஈரத்தை இழுக்கும், தண்ணீர் குடியுங்கள். முதல் சில வாரம் இருமல் கூடுவதும் வாய்ப்புண் வருவதும் புகை நின்றதால் வருபவை. இவற்றுக்கு வேப்பின்மேல் பழி போட்டுச் சிகரெட்டுக்குத் திரும்ப வேண்டாம்.

மது விஷயத்தில் கறாராகவே சொல்கிறேன். முதல் மூன்று வாரம் குடிக்காதீர்கள். குடி, பக்கத்தில் புகைக்கிற ஆள், கையில் நீட்டப்பட்ட சிகரெட் இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் சறுக்கல்கள் குவிகின்றன. இங்கிலாந்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு: 2007 முதல் பப்புக்குள் புகைக்க முடியாது. பெரும்பாலான இடங்களில் வேப்பையும் வெளியேதான் இழுக்கச் சொல்வார்கள். ஆக, வேப் பிடிக்கப் போகிற நீங்கள் புகைக்கிறவர்களின் வட்டத்துக்குள்தான் போய் நிற்பீர்கள். தள்ளி நில்லுங்கள், வாசலின் மறுபக்கம் போங்கள். நிகோடின் கம் (நிகோடின் உள்ள சூயிங் கம்) ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் வெளியே போகவே தேவையில்லை. நண்பர்களிடம் நீண்ட விளக்கம் வேண்டாம். ‘விட்டுட்டேன்டா, கொடுக்காதே’ போதும். இவ்வளவுக்கும் மேல் ஒன்று பிடித்துவிட்டால், அந்த இரவே வேப்பை எடுங்கள், பேட்ச்சைக் கழற்றாதீர்கள், சிகரெட் பெட்டி வாங்காதீர்கள். சறுக்கிய பிறகும் பேட்ச்சைத் தொடர்ந்தவர்கள், கழற்றி எறிந்தவர்களைவிட மீண்டு வருவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எது உறுதி, எது இன்னும் உறுதியில்லை என்பதையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். பேட்ச், கம் போன்றவற்றைவிட நிகோடின் உள்ள வேப் அதிகம் பேரை நிறுத்த வைக்கிறது என்பது உறுதியான சான்றுள்ள விஷயம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுகள் சொல்வது ஏறத்தாழ இப்படி: நூறு பேரில் நிகோடின் வேப்பால் 8 முதல் 10 பேர் நிறுத்துகிறார்கள், பேட்ச் வகைகளால் 6 பேர், எதுவும் இல்லாமல் 4 பேர். இங்கிலாந்தில் 886 பேரிடம் செய்து 2019ல் வெளியான ஆய்வில், ஆலோசனையோடு சேர்த்துக் கொடுத்தபோது ஓராண்டு முடிவில் வேப் குழுவில் 18 சதவீதம், பேட்ச், கம் போன்றவை பெற்ற குழுவில் 9.9 சதவீதம் பேர் புகைக்காமல் இருந்தார்கள். கவனியுங்கள், மிகச் சிறந்த எண்ணிலும் பத்தில் எட்டுப் பேர் முதல் முயற்சியில் நிற்கவில்லை. நீங்கள் விதிவிலக்கு அல்ல. அதே ஆய்வின் மறுபக்கம்: வேப்பால் நிறுத்தியவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் வேப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

தீங்கு எவ்வளவு குறைவு என்பதில்தான் கவனம் தேவை. வேப் பிடிக்கிறவர்களின் உடம்பில் புற்றுநோயூட்டும் பொருட்களின் அளவு, புகைக்கிறவர்களைவிட மிகக் குறைவு, கார்பன் மோனாக்சைடு உயர்வதில்லை. இது அளந்து பார்த்த உண்மை. 95 சதவீதம் குறைந்த தீங்கு என்று இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015ல் சொன்னது அளந்து பார்த்த எண் அல்ல, நிபுணர்களின் மதிப்பீடு. அதைத் தராசில் நிறுத்ததுபோல் மேற்கோள் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. முப்பது வருடம் வேப் பிடித்தால் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் என்ன ஆகும் என்பதற்கு விடை இன்னும் எவரிடமும் இல்லை, அந்தப் பழக்கத்துக்கே அவ்வளவு வயதாகவில்லை. 2019-20ல் அமெரிக்காவில் 2,800க்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்த நுரையீரல் பாதிப்பு முதன்மையாகக் கள்ளச் சந்தைக் கஞ்சாச் சாறில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்டால் வந்தது. ஆனாலும் அதிலிருந்து ஒரு பாடம் உண்டு: லிக்விட்டை நம்பகமான கடையில் மட்டும் வாங்குங்கள். புகைக்காதவர் வேப்பைத் தொடவே கூடாது. புகைக்கிறவர் முழுதாக மாறினால்தான் லாபம். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதில் லாபம் மிகக் குறைவு.

முழுதாக மாறிவிட்டோமா என்பதைப் பார்க்க எளிய வழி உண்டு. இங்கிலாந்தில் உள்ளூர் நிர்வாகங்கள் நடத்தும் இலவசப் புகை நிறுத்தச் சேவைகளில் கார்பன் மோனாக்சைடு கருவியில் ஊதிப் பார்ப்பார்கள். 10 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு) கீழே இருந்தால் புகைக்காதவர் என்று கொள்வது வழக்கம். அந்த வாயு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும், ஆகவே ஒரு நாள் முழுக்கப் பிடிக்காமல் போனாலே எண் விழுவதைக் கண்ணால் பார்க்கலாம். மருத்துவர் கடிதம் இல்லாமல் நீங்களே பதிந்துகொள்ளலாம். நிறுத்திய பிறகு குறைந்தது நான்கு வாரம் வாராவாரம் பேசுவார்கள், சில இடங்களில் வேப் கருவியே கொடுக்கிறார்கள். தேசிய உதவி எண் 0300 123 1044. சரியான நிகோடின், நல்ல காயில், பேட்ச் எல்லாம் வைத்துக்கொண்டும் நான்கு வாரத்தில் சிகரெட் பூஜ்யமாகவில்லை என்றால், வேப்போடு மல்லுக்கட்டாமல் மருந்துக்குப் போங்கள். வரெனிக்ளின் 12 வார மாத்திரை, 2024 நவம்பர் முதல் இங்கிலாந்தில் மறுபடி அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். வழியே கிடைக்கிறது. சைட்டிசின் 25 நாள் மாத்திரை. இரண்டும் நிகோடின் போய் உட்காரும் இடத்தில் தாம் உட்கார்ந்துகொண்டு சிகரெட்டின் இன்பத்தைக் குறைப்பவை. வலிப்பு, சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் அவசியம் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி, இரத்தம் கலந்த சளி, மூன்று வாரத்துக்கு மேல் நீளும் இருமல் இவற்றை எழுத்தில் படித்து யாராலும் மதிப்பிட முடியாது; நெஞ்சுவலி என்றால் உடனே அவசரச் சிகிச்சைக்கு, மற்ற இரண்டுக்கும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம்.

நிகோடினை எப்போது குறைப்பது? சிகரெட் இல்லாமல் குறைந்தது மூன்று மாதம், அதில் ஒரு விருந்தாவது ஒரு வேலை நெருக்கடியாவது கடந்த பிறகு. 20லிருந்து 6க்குத் தாவாமல் 20, 15 அல்லது 12, பிறகு 10, பிறகு 6, 3. ஒவ்வொரு படியிலும் ஒரு மாதம். இறங்கிய வாரத்தில் புட்டி சீக்கிரம் தீர்ந்தாலோ சிகரெட் நினைப்பு வந்தாலோ ஒரு படி மேலே ஏறுவதில் வெட்கம் இல்லை.

கடைசியாகச் சென்னைப் பயணம். உங்கள் திட்டத்தில் மிகப் பெரிய ஓட்டை அதுதான், நல்லவேளையாக அது முன்கூட்டியே தெரிகிற ஓட்டை. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, இருப்பு வைத்தல் எல்லாம் தடை. ஒன்றுதானே என்று பெட்டியில் எடுத்துப் போகாதீர்கள். வழியில் சிங்கப்பூரில் இறங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். வேப் இல்லாமல் மூன்று வாரம், பக்கத்தில் ஒற்றைச் சிகரெட்டைச் சில்லறையாக நீட்டும் டீக்கடை, சாயங்காலம் பழைய கூட்டாளிகள். இதை பேட்ச்சாலும் கம்மாலும்தான் கடக்க வேண்டும். லண்டனிலேயே மூன்று வாரத்துக்கு 21 பேட்ச்சும் போதிய நிகோடின் கம்மும் வாங்கிக்கொள்ளுங்கள். எழுந்ததும் சிகரெட் தேடுகிறவருக்கு 4 மில்லிகிராம் கம் பொருந்தும். சென்னை மருந்துக் கடையில் சீட்டில்லாமல் எளிதாகக் கிடைப்பது 2 மில்லிகிராம். கம்மைச் சாதாரண கம்போல் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள், காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள், அரை மணி நேரம் இப்படி. காபி குடித்துக் கால் மணி நேரம் கழித்தே வாயில் போடுங்கள், வாய் புளித்திருந்தால் நிகோடின் உறிஞ்சப்படாது. பேட்ச் கம் முறையைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஓரிரு நாள் வேப் இல்லாமல் ஒத்திகை பாருங்கள். புறப்படும் நாள் காலையிலேயே பேட்ச்சை ஒட்டிவிட்டால் பத்து மணி நேரத்துக்கும் மேலான விமானப் பயணமும் அதில் அடங்கிவிடும். அங்கே மனம் தள்ளாடினால் இந்திய அரசின் இலவசப் புகையிலை நிறுத்த எண் 1800 112 356. வியர்வையில் பேட்ச் உரிந்தால் மேலே மருத்துவ டேப் ஒட்டுங்கள். லண்டன் வீட்டில் வைத்துவிட்டுப் போகும் வேப்பில் லிக்விட்டைக் காலி செய்துவிட்டு, பழைய காயிலை எறிந்துவிட்டு, புதிய காயிலையும் ஒரு புட்டி 20 மில்லிகிராமையும் அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்த இரவு, பயணக் களைப்பில், கருகின காயில்தான் கையில் கிடைத்தது என்று ஆகிவிடக் கூடாது.